பெரிய கடை மூடிய பின்: கொல்கத்தாவின் மளிகைத் தேடல்

நகரெங்கும் கிளை பரப்பியிருந்த ஒரு மளிகைப் பேரங்காடி நிறுவனம் மூடப்படும்போது அதற்குக் கடன் கொடுத்த வங்கிகள் எவை, கட்டட உரிமையாளர்களுக்கு எவ்வளவு வாடகை நிலுவை, இடத்தைக் கைப்பற்றப் போட்டியிட்ட பெருநிறுவனங்கள் யார் என்பவற்றுக்கெல்லாம் நீதிமன்ற ஆவணங்களிலும் வணிக நாளிதழ்களிலும் விரிவான விடை கிடைத்துவிடுகிறது. அங்கே மாதந்தோறும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கிவந்த குடும்பங்கள் அடுத்த மாதச் சாமானுக்கு எங்கே போயின என்பது பற்றிய பதிவு அரிது. பேரங்காடி வந்தால் பக்கத்துச் சிறுகடைக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்த நூல்களும் அறிக்கைகளும் ஏராளம். அது போனால் வாங்குவோருக்கு என்ன ஆகும் என்பது பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்பட்ட வினா. 2001இல் பிக் பஜார் தன் முதல் கடைகளைத் திறந்த நகரங்களுள் ஒன்றும், 2022இல் அதே பெயர்ப் பலகை இறக்கப்படுவதைப் பார்த்ததுமான கொல்கத்தா, அந்த வினாவைப் பரிசீலிக்க மிகப் பொருத்தமான இடம். பேரங்காடிக்கு முன்னும் பின்னும் மளிகை வாங்குவதற்கென்று நன்கு ஊன்றிய வேறு பழக்கங்களை உடைய நகரம் அது.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: கொல்கத்தாவில் பேரங்காடி மூடப்படும்போது குடும்பம் அதற்கு ஈடான இன்னொரு கடையைத் தேடுவதில்லை, அங்கே ஒரே பில்லில் அடங்கியிருந்த கொள்முதல் அரிசி, மீன், காய்கறி, சோப்பு எனப் பிரிந்து ஒவ்வொன்றும் வெவ்வேறு விற்பனையாளரிடம் போய்ச் சேர்கிறது. இப்பிரிவினையில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய இடம் எளிதில் அமைந்துவிடுகிறது. அமையாமல் தொக்கி நிற்பவை சில, அவை பெரும்பாலும் பொருள்கள் அல்ல.

மேலைநாட்டு ஆய்வுகள் இந்தப் பொருளை அணுகும் வழி வேறு. நல்ல காய்கறியும் பழமும் நடந்துபோகும் தொலைவில் கிடைக்காத ஏழைக் குடியிருப்புகளை 'உணவுப் பாலைவனம்' என்று அழைக்கும் வழக்கம் 1990களில் ஸ்காட்லாந்தில் தோன்றி, பிறகு அமெரிக்காவில் அரசுக் கொள்கையாகவே மாறியது. கடை இல்லாததே குறை என்றால் கடை திறந்தால் குறை தீர வேண்டும். அதைச் சோதிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சீக்ராஃப்ட் பகுதியிலும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் புதிய பேரங்காடி திறக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் மக்களின் உணவுப் பழக்கம் அளக்கப்பட்டது. லீட்ஸில் மிக மோசமாக உண்டுவந்தவர்களிடம் சிறிது முன்னேற்றம் தென்பட்டது; கிளாஸ்கோவில் சொல்லத்தக்க மாற்றமில்லை. 2019இல் ஹன்ட் ஆல்காட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இன்னும் கறாரானது: செல்வருக்கும் ஏழைக்கும் இடையே உள்ள ஊட்டச்சத்து வேறுபாட்டில் கடை அருகில் இருப்பது இல்லாதது என்பதன் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடுதான் என்றும், புதிய கடை திறந்தால் மக்கள் ஏற்கெனவே தொலைவில் போய்வந்த பேரங்காடியை விட்டு இதற்கு மாறுகிறார்களே தவிர வாங்கும் பொருளை மாற்றிக்கொள்வதில்லை என்றும் அது கண்டது. கார் வைத்திருக்கும் சமூகத்தில் பெறப்பட்ட இம்முடிவை அப்படியே வங்காளத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதிலுள்ள ஒரு நுட்பம் இங்கும் செல்லும்: வாங்குபவரின் பழக்கம் கடையைவிட நீண்ட ஆயுள் உடையது.

அந்தப் பழக்கம் கொல்கத்தாவில் எப்படி உருவானது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நியூ மார்க்கெட் என்று இன்றும் அழைக்கப்படும் ஹாக் மார்க்கெட் 1874இல் நகராட்சியால் திறக்கப்பட்டது. பேட்டைதோறும் காலைச் சந்தைகள் இருந்தன, கரியாஹாட், மாணிக்தலா, லேக் மார்க்கெட், பவானிப்பூரின் ஜதுபாபு பஜார் ஆகியவை இன்றும் தத்தம் வாடிக்கையாளரோடு இயங்குகின்றன. இவற்றுக்குப் பின்புலமாக மொத்த வணிகம் வட கொல்கத்தாவில் குவிந்துள்ளது: எண்ணெய், சர்க்கரை, மசாலாவுக்குப் படாபஜாரை ஒட்டிய போஸ்தா, காய்கறிக்குச் சியால்தா அருகே கோலே மார்க்கெட், பழத்துக்கு மெச்சுவா. 1943 பஞ்சத்தை அடுத்து 1944 தொடக்கத்தில் நகரில் ரேஷன் முறை வந்தது. 1965இல் சட்டபூர்வ ரேஷன் பகுதியாகக் கொல்கத்தா மறுபடியும் அறிவிக்கப்பட்டபோது ஒரு தலைமுறையே வாராந்தர அரிசி கோதுமைக்கு ரேஷன் கடையையும் மற்றவற்றுக்கு முதிர் தோக்கானையும் நம்பி வாழப் பழகியது. முதிர் தோக்கான் என்பது நம் ஊர் அண்ணாச்சி கடைக்கு வங்காள உறவு. வாய் சுருட்டிவிடப்பட்ட மூட்டைகளில் மினிகெட், பான்ஸ்காட்டி, கோபிந்தபோக் அரிசிகள், ஒவ்வொன்றிலும் செருகிய அட்டைத் துண்டில் கையால் எழுதிய விலை, பழைய செய்தித்தாளை ஒட்டிச் செய்த தோங்கா எனும் காகிதப் பைகள், சிட்டையை உரக்கப் படிக்கும் முதலாளி, படிக்கப் படிக்கப் பொருளை எடுத்துவைக்கும் பையன் என்று அதன் தோற்றம் பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறாதது. மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வாங்கும் சாமானை வங்காளிகள் மாஸ்காபாரி என்பர். காய்கறியும் மீனும் அன்றாடம் காலையில் பையோடு போய் வாங்கிவர வேண்டியவை, அவற்றுக்கு மாஸ்காபாரியில் இடமில்லை.

ஒழுங்கமைந்த சில்லறை வணிகம், அதாவது பல கிளைகள், ஒரே இடத்தில் மொத்தக் கொள்முதல், அச்சிட்ட பில், வரிப் பதிவு ஆகியவற்றோடு நடக்கும் கடைச் சங்கிலி, இந்தப் பின்னணிக்குள் தயக்கத்தோடுதான் நுழைந்தது. கூட்டுறவுத் துறையில் சமவாயிகா போன்ற முன்னோடிகள் இருந்தன. சென்னை வாசகர்களுக்கு 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நினைவுக்கு வரலாம். தனியார் சங்கிலிகளின் காலம் 1990களுக்குப் பிந்தியது. 1997இல் கரியாஹாட்டில் முதல் பான்டலூன்ஸ் துணிக்கடையைத் திறந்த கிஷோர் பியானியின் நிறுவனம் நான்கே ஆண்டில் மளிகையும் பாத்திரமும் துணியும் ஒரே கூரையில் விற்கும் பிக் பஜாருக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அடுத்த பெருநிறுவனம் நுழைய முயன்றபோது அரசியல் குறுக்கிட்டது. 2007இல் ரிலையன்ஸின் மளிகைக் கடைகளை மாநிலத்துக்குள் விடமாட்டோம் என்று, ஆளும் இடது முன்னணியின் உறுப்பான ஃபார்வர்டு பிளாக்கே தெருவில் இறங்கியது. ஜெர்மானிய மொத்த விற்பனை நிறுவனமான மெட்ரோ, வேளாண் விளைபொருள் விற்கும் உரிமத்துக்காக நீண்ட இழுபறியைச் சந்தித்த பிறகே 2008இல் ஈ.எம். பைபாஸ் சாலையில் தன் கடையைத் திறக்க முடிந்தது. ஆட்சி மாறியும் மனநிலை மாறவில்லை: பல முத்திரைச் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு நடுவண் அரசு 2012 செப்டம்பரில் கதவு திறந்ததை முன்னிட்டு, டீசல் விலை உயர்வையும் சேர்த்துக் காரணம் காட்டி, திரிணமூல் காங்கிரஸ் மன்மோகன் சிங் அரசுக்கு அளித்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. சிறுவணிகரைக் காக்கும் இந்தக் கொள்கையின் விளைவு முரணானது. பேரங்காடிகள் மெதுவாகவே வந்ததால் முதிர் தோக்கான்கள் பிழைத்தன; அவை பிழைத்திருந்ததால்தான் பின்னாளில் பேரங்காடி மூடப்பட்டபோது வாங்குவோர் தெருவில் நிற்கவில்லை. பாதுகாக்கப்பட்டது வணிகர் மட்டும்தான் என்று கருதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மூடலின் கதை நீண்டது, சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். 2019இல் அமேசான் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் கொடுத்து, பிக் பஜாரை நடத்திய பியானியின் ஃபியூச்சர் குழுமத்தில் ஃபியூச்சர் கூப்பன்ஸ் என்ற துணை நிறுவனத்தின் 49 விழுக்காட்டை வாங்கியது. பரிசுச் சீட்டு விற்கும் அந்தச் சிறு நிறுவனத்தின் வழியாகத்தான் நாடெங்கும் 1,500க்கும் மேற்பட்ட கடைகள் மீதான உரிமைப் போர் பின்னர் நடந்தது என்பது வணிக வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. பெருந்தொற்று முடக்கத்தில் வருமானம் வற்றிக் கடன் கழுத்தை நெரித்தபோது, 2020 ஆகஸ்டில் ஃபியூச்சர் குழுமம் தன் சில்லறை, மொத்த, சரக்கேற்று வணிகங்களை 24,713 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அமேசான் சிங்கப்பூரில் நடுவர் மன்றத்தை நாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2021 ஆகஸ்டில் அமேசானுக்குச் சாதகமாக ஒரு கட்டத்தைக் கடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசானின் பழைய முதலீட்டுக்குத் தந்த ஒப்புதலையே நிறுத்திவைத்தது. தாள்களின் மேல் போர் நடந்துகொண்டிருக்க, கடைகளின் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. வாடகை வராத கட்டட உரிமையாளர்கள் பலர் குத்தகையை ரிலையன்ஸின் பெயருக்கு மாற்றிக்கொடுத்தனர். ரிலையன்ஸ் அந்த இடங்களைத் துணைக்குத்தகையாக, அதாவது தான் குத்தகைக்கு எடுத்ததை மறுபடி உள்வாடகைக்கு விடும் முறையில், ஃபியூச்சருக்கே கொடுத்திருந்தது. அந்த வாடகையும் தராத நிலையில் 2022 பிப்ரவரி இறுதியில் ரிலையன்ஸ் கடைகளை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 342 பெரிய கடைகளுக்கும் 493 சிறிய கடைகளுக்கும் துணைக்குத்தகை முறிவு அறிவிப்பு வந்ததை அடுத்த மாதம் குழுமத்தின் சில்லறை நிறுவனமான ஃபியூச்சர் ரீடெய்ல் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. கடன் கொடுத்த வங்கிகள் ஏப்ரலில் விற்பனைத் திட்டத்தை நிராகரித்தன, ரிலையன்ஸும் பின்வாங்கியது. ஜூலை 20இல் பேங்க் ஆஃப் இந்தியாவின் மனுவை ஏற்று மும்பை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஃபியூச்சர் ரீடெய்லை நொடிப்பு நடைமுறைக்கு அனுப்பியது. 2024 ஜூலையில் கலைப்பு உத்தரவும் வந்தது.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது. அவர் கண்டது வேறு: மாதக் கணக்கில் மெலிந்துகொண்டே போன அடுக்குகள், ஒரு நாள் இறங்கிய ஷட்டர், சில இடங்களில் அதே கட்டடத்தில் ரிலையன்ஸின் ஸ்மார்ட் பஜார் என்ற புதிய பலகை. மூடல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் உண்மையில் இருவகை அடங்கியுள்ளன. இடம் அப்படியே இருக்க நிறுவனம் மட்டும் மாறுவது ஒன்று. இடமே கைவிடப்படுவது மற்றொன்று. தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பின்னதன் இலக்கணம் சுபிக்ஷா. 1997இல் சென்னையில் தொடங்கி, குளிர்சாதனமோ அலங்காரமோ இல்லாத சிறிய கடைகளில் அச்சிட்ட விலையைவிடக் குறைத்து விற்று நற்பெயர் ஈட்டிய அந்நிறுவனம், பத்தாண்டு நிறைவதற்குள் கடன் பணத்தில் நாடெங்கும் விரிந்து 2008இல் ஏறத்தாழ 1,600 கடைகளை எட்டியது. 2009 தொடக்கத்தில் கையிருப்பு தீர்ந்து அத்தனையும் ஒரே மூச்சில் முடங்கின. வாடகையும் ஊதியமும் நின்றுபோன அக்கடைகளை எடுத்து நடத்த எவரும் முன்வராததால் சுபிக்ஷாவின் வாடிக்கையாளர் முழுவதும் புதிய இடம் தேட வேண்டியிருந்தது. பிக் பஜாரின் வாடிக்கையாளரில் ஒரு பகுதியினருக்கு இடம் மாறவில்லை, ஆனால் கடையின் உள்ளடக்கம் மாறியது. கோல்டன் ஹார்வெஸ்ட், டேஸ்டி ட்ரீட் போன்ற சொந்த முத்திரைப் பொருள்கள், அதாவது கடைச் சங்கிலியே தன் பெயரில் பொட்டலமிட்டு விற்கும் மலிவான மாவும் பருப்பும் நொறுக்குத் தீனியும், அந்தச் சங்கிலிக்கு வெளியே எளிதில் கிடைக்காதவை. அவற்றுக்குப் பழகிய குடும்பம் அதே படிக்கட்டில் ஏறி அதே அடுக்கின் முன் நின்றாலும் வேறொரு நிறுவனத்தின் துவரம்பருப்பைத்தான் காணும். இது பெரிய துயரமில்லை. எனினும் குறைந்த விலைக்காகவே அம்முத்திரையைத் தேர்ந்தவர்களுக்கு மாதச் செலவு மறுபடி கணக்கிடப்பட வேண்டியதாகிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பம் தன் செலவில் 39 விழுக்காட்டை உணவுக்கே ஒதுக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கொள்முதல் பிரியும் விதம். மிக எளிதாக வெளியேறுவது மீன். பேரங்காடியின் மீன் பிரிவைக் கொல்கத்தா ஒருபோதும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. மாணிக்தலாவிலோ கரியாஹாட்டிலோ வாங்குபவர் கட்லாவின் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்க்கிறார், வயிற்றை விரலால் அழுத்துகிறார், தலை தனி விலையா சேர்த்தா என்று கேட்கிறார். மேடைமேல் அமர்ந்த மீன்காரர் காலால் மிதித்துப் பிடித்த போட்டி எனும் பெரிய அரிவாள்மனையில், குழம்புக்கா வறுவலுக்கா என்று விசாரித்து அதற்கேற்ற கனத்தில் துண்டு போடுகிறார். இந்த உரையாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இயலாது. காய்கறியும் ஏறத்தாழ அப்படியே. 2014இல் சிங்கூரிலிருந்து தொடங்கிய மாநில அரசின் சுபல் பாங்லா கடைகளும் வண்டிகளும் விலை ஏறும் காலங்களில் கூடுதலாக ஒரு வாயிலைத் தருகின்றன. எனவே மீனும் காயும் பேரங்காடியில் வாங்கிவந்தோருக்கும் அடுத்த தெருவிலேயே பழைய இடம் காத்திருக்கிறது.

அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகிய மாஸ்காபாரிச் சாமான்களில்தான் கணக்கு நுட்பமாகிறது. பொட்டலப் பொருளின்மேல் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே விற்கலாம். பேரங்காடியின் கவர்ச்சி இந்த 'கீழே' என்பதில்தான் இருந்தது. புதன்கிழமைத் தள்ளுபடியும் குடியரசு நாள் விற்பனையும் பிக் பஜாரின் அடையாளமாகவே மாறியதற்கு அதுவே காரணம். முதிர் தோக்கான் அச்சிட்ட விலைக்கே விற்கும், ஆனால் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் அரிசிக்கு அச்சிட்ட விலையே கிடையாது. அங்கே பேரம் உண்டு, தரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு, நாம் கொசுறு என்று சொல்வதற்கு நிகரான ஃபாவும் உண்டு. ஃபியூச்சர் ரீடெய்ல் நொடிப்பு நடைமுறைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன், 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவரை முன்கூட்டிப் பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்தது. அதற்கு முன் பதிவுபெற்ற வணிகப் பெயர் உடையவற்றுக்கு மட்டுமே அந்த வரி இருந்தது. மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் பொருளுக்கு வரி இல்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும், பேரங்காடியை இழந்த குடும்பத்தை மூட்டை அரிசியின் பக்கம் தள்ள இவ்விரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தது போலாயிற்று.

ஆனால் முதிர் தோக்கானுக்குத் திரும்புவது என்பது கடையை மட்டுமல்ல, ஓர் உறவை மறுபடி தொடங்குவது. அந்த உறவின் மையம் கடன். சிறுகடையில் பெயருக்கு ஒரு காத்தா, அதாவது பற்றுவரவு நோட்டு, திறக்கப்படுகிறது. மாதச் சம்பளம் வரும்வரை சாமான் அதில் ஏறுகிறது. கடன் அன்பை முறிக்கும் என்று எழுதி மாட்டிவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து கடன் கொடுக்கும் நம் ஊர்க் கடைக்காரரைப் போலவே, வங்காளக் கடைக்காரரும் இன்று ரொக்கம் நாளை கடன் என்று எழுதிவைத்துவிட்டு நோட்டைத் திறப்பவர்தான். வங்காள ஆண்டுப் பிறப்பான பொய்லா பொய்ஷாக் அன்று ஹால்காத்தா எனும் புதுக்கணக்கு விழா நடக்கிறது: விநாயகரும் லட்சுமியும் வைத்துப் பூசிக்கப்பட்ட சிவப்பு அட்டை நோட்டு, பழைய பாக்கியைத் தீர்க்க வரும் வாடிக்கையாளருக்கு ஒரு பெட்டி இனிப்பும் நாட்காட்டியும். இருபதாண்டு பேரங்காடியில் வாங்கிய குடும்பத்துக்கு இந்த நோட்டில் பக்கம் இல்லை. வேலை போகும்போதோ மருத்துவச் செலவு வரும்போதோ அந்த இல்லாமை உறைக்கும். புதிய வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் முதல் மாதமே கடன் எழுதிவிடமாட்டார்.

இதற்கு நேர்மாறான கடன் பேரங்காடியில் இருந்தது. அங்கே கடைக்கு முன்கூட்டிக் கடன் கொடுத்தவர் வாடிக்கையாளர்தான். 10,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் ஓராண்டில் மாதத் தவணையாக 12,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கலாம் என்ற திட்டத்தைப் பிக் பஜார் ஒரு காலத்தில் விரிவாக விளம்பரம் செய்தது. பரிசுச் சீட்டுகளும் வாடிக்கையாளர் புள்ளிகளும் இதே இனம். நிறுவனம் நொடிக்கும்போது இவை எல்லாம் என்ன ஆகும் என்பதற்குப் பொதுவான விடையை 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு தருகிறது. கலைப்பில் கிடைக்கும் பணம் முதலில் நடைமுறைச் செலவுக்கும், அடுத்து தொழிலாளர் நிலுவைக்கும் ஈடு பெற்ற வங்கிகளுக்கும், பின்னர் மற்ற ஊழியர், ஈடில்லாக் கடன், அரசு என்ற வரிசையில் பகிரப்படுகிறது. முன்பணம் கட்டிய வாடிக்கையாளர் 'ஏனைய கடன்' என்ற கடைசிப் படிகளில்தான் நிற்கிறார். இவ்வளவு பின்னால் நின்று கேட்டுப் பெறுவதற்கு ஓர் ஆயிரம் ரூபாய்ச் சீட்டின் மதிப்பு போதாது. நோட்டுக் கடனில் நம்பிக்கை வைப்பவர் கடைக்காரர், சீட்டுக் கடனில் நம்பிக்கை வைப்பவர் வாங்குபவர். கடை மூடினால் முதல் வகையில் இழப்பு ஏதுமில்லை என்பதைக் குடும்பங்கள் சட்டம் படிக்காமலே அறிந்திருப்பதால்தான் சீட்டுக்கும் புள்ளிக்கும் நகரம் ஓரளவுக்கு மேல் மயங்கவில்லை என்று கருத இடமுண்டு.

தேடல் செலவு என்று பொருளியலார் சொல்வது, நல்ல கடையைக் கண்டுபிடிப்பதற்கு ஆகும் நேரமும் அலைச்சலும் தவறான கொள்முதலில் போகும் பணமும் சேர்ந்தது. இச்செலவு எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. கொல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை 2001இல் 45.73 லட்சமாக இருந்து 2011இல் 44.97 லட்சமாகக் குறைந்தது. பிள்ளைகள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, பெற்றோர் மட்டும் எஞ்சிய வீடுகள் நகரின் தென்பகுதியில் ஏராளம். கொல்கத்தாக் காவல்துறை 2009இல் தனித்து வாழும் முதியோருக்கென்றே பிரணாம் என்ற உதவித் திட்டத்தைத் தொடங்க வேண்டிவந்தது. ஈரத் தரையும் நெரிசலும் உள்ள காலைச் சந்தை அவர்களுக்கு ஏற்றதல்ல. மின்தூக்கி, தள்ளுவண்டி, சமதரை, மதியமும் திறந்திருக்கும் கதவு ஆகியவை பேரங்காடியின் விலைப்பட்டியலில் இல்லாத வசதிகள். சிறுகடைகள் மதிய உணவுக்குப் பின் மணிக்கணக்கில் மூடிக் கிடப்பது நகர வழக்கம். கெடும் பொருள் விற்போர் உள்ளிட்ட சிலருக்கு விலக்களித்து, கடைகள் வாரத்தில் ஒன்றரை நாள் மூடப்பட வேண்டும் என்று மேற்கு வங்கக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1963இலேயே விதித்தது. ஆகவே முதியவருக்குப் புதிய கடை என்பது பெரும்பாலும் தொலைபேசியில் சிட்டை கேட்டு ஆள் அனுப்பும் பழைய கடையே.

வெளியூராருக்கும் பேரங்காடி வேறொரு விதத்தில் உதவியது. அச்சிட்ட விலையும் தானே எடுத்துக்கொள்ளும் அடுக்கும் இருந்தால் வங்காளம் தெரியாமலே மளிகை வாங்கிவிடலாம். புதிதாக மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் பேரம் பேசத் தெரியாமல் சந்தையில் தடுமாறும் முதல் சில மாதங்களை இது கடத்திவைத்தது. எனினும் நகரின் பழைய தமிழர்கள் இட்லி அரிசிக்கோ நல்லெண்ணெய்க்கோ பேரங்காடியை நம்பியிருந்தவர்கள் அல்லர். தென்னிந்தியர் குடியேறி ஊன்றிய ராஷ்பிகாரி அவென்யூ, லேக் மார்க்கெட் வட்டாரத்தில் கறிவேப்பிலை, வாழையிலை, சின்ன வெங்காயம், மல்லிகைச் சரம், காப்பிப் பொடி ஆகியவை பேரங்காடிகளின் காலத்துக்கு முன்பிருந்தே கிடைத்தன, இன்றும் கிடைக்கின்றன. நிறுவனங்களின் தலைமையிடங்கள் நகரை விட்டு வெளியேறியதோடு அங்கே தமிழர் தொகை குறைந்துகொண்டே வந்தபோதும் அக்கடைகள் நிற்பதற்கு, இட்லியும் தோசையும் வங்காளிச் சமையலறைக்குள் புகுந்துவிட்டதும் ஒரு காரணம்.

சிறுகடைகளின் நிலைத்தன்மை பற்றி மிகையாக நம்பவும் கூடாது. மேத்யூ ஜோசப் தலைமையில் இக்ரியர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு 4.2 விழுக்காடு சிறுகடைகள் மூடப்படுவதாகவும், பேரங்காடிப் போட்டியால் மூடுபவை ஆண்டுக்கு 1.7 விழுக்காட்டுக் கடைகளே என்றும் கணக்கிட்டது. போட்டியின் பாதிப்பு முதலாண்டில் கடுமையாக இருந்து பின்னர் தணிகிறது என்பதும் அதன் முடிபு. அது விரைவு வணிகம் வருவதற்கு முந்தைய காலம். பொதுமக்கள் நுழையாத சிறு கிடங்குகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே வைத்து, கைப்பேசியில் கேட்ட பொருளைப் பத்து இருபது நிமிடத்தில் வீட்டு வாசலில் கொடுக்கும் பிளிங்கிட், ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட், செப்டோ போன்றவை முதிர் தோக்கானின் தனிச் சிறப்பான அருகாமையையே குறிவைக்கின்றன. ஓராண்டில் 2 லட்சம் சிறுகடைகள் மூடிவிட்டன என்று நுகர்பொருள் முகவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024இல் கூறியது; பாதிக்கப்பட்ட தரப்பின் கணக்கு என்பதால் அதை எச்சரிக்கையோடே எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பேரங்காடிகளும் தப்பவில்லை: கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டதும், வேர் சென்னையில் உள்ளதுமான ஸ்பென்சர்ஸ், 2024இல் டெல்லி வட்டாரம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய இடங்களிலிருந்து விலகி மேற்கு வங்கத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கவனத்தைக் குவித்தது. ஹைதராபாத் வாடிக்கையாளர் புதிய கடை தேட வேண்டிய அந்த ஆண்டில் கொல்கத்தா வாடிக்கையாளருக்குப் பழைய கடை நின்றது.

விரைவு வணிகம் பேரங்காடியின் இடத்தை நிரப்புகிறது என்ற பொதுக் கருத்து பாதியளவே சரி. மறந்துபோன கடுகையும் தீர்ந்துபோன பாலையும் அது கொண்டுவரும். மாஸ்காபாரிக்கான நீண்ட சிட்டையை, இரண்டு எண்ணெயை அருகருகே வைத்து ஒப்பிட்டு, குழந்தைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கழித்து வாங்கிய அனுபவத்தை அது தருவதில்லை. இன்னொன்றும் உண்டு: விரைவு வணிகத்தில் கட்டணமும் விலையும் கைப்பேசித் திரைக்குள் நேரத்துக்கு நேரம் மாறுவதால், பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலை கொடுத்தார் என்பதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசும் பழைய ஆயுதம் அங்கே மழுங்கிவிடுகிறது.

வாங்குவோர் எந்த வாயிலில் நுழைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள கொள்முதல் வழி எது என்பதையும் கவனிக்க வேண்டும். முதிர் தோக்கானின் சரக்கு பெரும்பாலும் போஸ்தாவின் மொத்த வியாபாரியிடமிருந்தும் நிறுவன முகவரிடமிருந்தும் வந்தது. 2008இல் பைபாஸில் திறந்த மெட்ரோ, உறுப்பினராகப் பதிந்த வணிகருக்கு மட்டும் விற்கும் மொத்தக் கடை என்பதால், சிறுகடைக்காரருக்கு மூன்றாவது ஊற்றாக அமைந்தது. அந்நிறுவனத்தின் இந்தியப் பிரிவை, 21 நகரங்களில் இருந்த 31 கடைகளோடு, 2,850 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக ரிலையன்ஸ் 2022 டிசம்பரில் அறிவித்து அடுத்த ஆண்டு மே மாதம் முடித்தது. 2007இல் சில்லறைக் கடை வைக்க விடாமல் தடுக்கப்பட்ட நிறுவனம், பதினாறு ஆண்டுகளில், பிக் பஜார் இருந்த இடங்களில் ஸ்மார்ட் பஜாராகவும் சிறுகடைக்கு அனுப்பும் மொத்த விற்பனையாளராகவும் இரு முனையிலும் நிற்கிறது. போஸ்தாவின் கிட்டங்கிகள் இயங்கும்வரை கடைக்காரருக்கும் அவர் வழியாக வாங்குபவருக்கும் வேறு வழி உண்டு. பேரங்காடியை விட்டுத் தெருமுனைக்குத் திரும்பிய ஒரு குடும்பம் உண்மையில் கடை மாற்றியதா இல்லையா என்பது, அந்தத் தெருமுனைக்காரர் வாரத் தொடக்கத்தில் படாபஜாருக்கு ஆள் அனுப்புகிறாரா பைபாஸுக்கு வண்டி அனுப்புகிறாரா என்பதைப் பொறுத்தது.